மூன்று செக்கன் பழைய செய்தி: பல வாகனங்கள் ஒன்றாக நகர்வது எப்படி?

ஒரு ட்ரோனைப் பறக்கவிடுவது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. மலையகத்தில் கல்யாண வீட்டுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் அது வந்துவிட்டது. ஆனால் நான்கைந்து ட்ரோன்களை ஒரே வேலைக்கு அனுப்பி, அவை ஒன்றோடொன்று மோதாமல், பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்காமல், எந்த மூலையையும் விட்டுவிடாமல் ஒரு மலைச்சரிவை முழுதாகப் பார்த்து முடிக்க வேண்டும் என்றால் அது வேறு கதை. அங்கே ஒவ்வொன்றும் மற்றவை எங்கே நிற்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்று தெரிந்துகொண்டே தன் வழியைத் தீர்மானிக்க வேண்டும். இதற்குப் பெயர் கூட்டு வழிநடத்தல். வரிசையாகப் போகும் லொறிகள், நீருக்கடியில் நீந்தும் ரோபோக்கள், செய்மதிக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் இதன் தேவை ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அப்படியொரு நாளில் இரண்டு காரியங்கள் உடனே நடக்க வேண்டும். மண்ணுக்குள் அகப்பட்டவர்களைத் தேட வேண்டும். தேடுபவர்களின் தலைக்கு மேலே இன்னும் எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சாதாரண ட்ரோன் ஒன்றின் பெற்றரி அரை மணித்தியாலம் தாங்கினாலே அதிகம். ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பறக்கவிடுவதைவிட ஐந்தாறு ட்ரோன்கள் வேலையைப் பிரித்துக்கொண்டால் அந்த முதல் மணித்தியாலம் வீண்போகாது. நம் லயங்கள் பல சரிவுகளின் அடியில்தான் இருக்கின்றன. இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் படித்துத் தேற வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

இப்போது தொல்லைக்கு வருவோம். ஒரு வாகனத்துக்குத் தன்னுடைய இடம் ஓரளவு உடனுக்குடன் தெரியும். மற்ற வாகனங்களின் இடம் செய்தியாகத்தான் வரும். வந்து சேரும்போது அந்தச் செய்தி பழையதாகியிருக்கும். அரை செக்கன் பழையதாக இருக்கலாம், மூன்று செக்கன் பழையதாகவும் இருக்கலாம். இந்தச் சுணக்கம் இருப்பதால் மட்டும் கூட்டம் குலைந்துவிடாது. பழைய செய்திக்குப் பலமாகவும் அவசரமாகவும் பதில் கொடுத்தால் குலையும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இது ஏன் உண்மை என்பதைத்தான் கொஞ்சம் எண்களோடு பார்க்கப் போகிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

சுணக்கம் எங்கிருந்து வருகிறது?

தூரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் போகும் வானொலி அலைக்கு அது பொருந்தாது. அந்த அலை 10 கிலோமீற்றரைக் கடக்க எடுக்கும் நேரம் 33 மைக்ரோசெக்கன், அதாவது ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் 33 பங்கு. தலவாக்கலையிலிருந்து நுவரெலியா என்ன, கொழும்பு வரைக்கும் போனாலும் அலையின் பயண நேரம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சின்னது. விதிவிலக்குகள் உண்டு. 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகப் பேசினால் ஏறி இறங்கவே கால் செக்கன் போய்விடும். நீருக்கடியில் வானொலி அலை அதிக தூரம் போகாது, ஒலியில்தான் பேச வேண்டும். நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர்தான் போகும். கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி இரண்டு ரோபோக்கள் இருந்தால், ஒன்று சொன்னது மற்றதுக்குக் கேட்க ஒரு செக்கன் ஆகும்.

மற்ற இடங்களில் நேரத்தைத் தின்பது வழியில் உள்ள வேலைகள்தான். ஜிபிஎஸ் கருவி தன் இடத்தைச் செக்கனுக்கு ஐந்து அல்லது பத்துத் தடவைதான் புதுப்பிக்கும், அதனால் இடம் அளந்த கணமே கொஞ்சம் பழையது. பிறகு அதைச் செய்தியாகக் கட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். செய்தி தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். நேராகப் போய்ச் சேராவிட்டால் நடுவில் இன்னொரு ட்ரோன் வாங்கிக் கைமாற்ற வேண்டும், அதுவும் தன் முறைக்குக் காத்திருக்கும்.

மலை நாட்டில் இந்தக் கடைசி இரண்டும் பெரிதாக வளரும். ட்ரோன்கள் வழக்கமாகப் பாவிக்கும் 2.4, 5.8 கிகாஹேர்ட்ஸ் அலைகளுக்கு நம் மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. பனி கெமராவைத்தான் குருடாக்கும், வானொலியை அல்ல. ஆனால் மண்ணும் கல்லுமான ஒரு முகடு குறுக்கே வந்தால் அலை அங்கேயே நின்றுவிடும். மழையில் நனைந்த சவுக்கு, யூகலிப்டஸ் மரக்கூட்டங்களும் அலையை நிறைய உறிஞ்சும். அதனால் இந்தப் பக்கச் சரிவில் பறப்பதற்கும் அந்தப் பக்கச் சரிவில் பறப்பதற்கும் நேர்ப் பேச்சு அறுந்துபோகும். முகட்டுக்கு மேலே உயரத்தில் ஒரு ட்ரோனை நிறுத்தி, அதன் வழியாகப் பேசவிடுவது நல்ல வழி. பேச்சு அறுபடாது. ஆனால் ஒரு கைமாற்றம் கூடியதால் சுணக்கமும் கூடும்.

இரண்டு ட்ரோன்கள், ஒரு கணக்கு

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சரிவைப் படம் பிடிக்க இரண்டு ட்ரோன்கள் பக்கம் பக்கமாகப் பறக்கின்றன. ஒன்று 140 மீற்றர் உயரத்தில், மற்றது 100 மீற்றரில். படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்க வேண்டும் என்பதால் இரண்டும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். கீழே மடுவத்துப் பக்கம் ஒரு கணினி. அது செக்கனுக்கு ஒரு தடவை இரண்டின் உயரத்தையும் பார்த்து, வேறுபாட்டில் கால்பங்கை மேலே உள்ளதுக்கு இறக்கச் சொல்லும், கால்பங்கைக் கீழே உள்ளதுக்கு ஏறச் சொல்லும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு செக்கனும் வேறுபாட்டில் பாதியைக் குறைக்கும்.

சுணக்கமே இல்லை என்றால் வேறுபாடு இப்படிப் போகும்: 40, 20, 10, 5, 2.5. அழகாக அடங்கிவிடும்.

ஒரு செக்கன் சுணக்கம் வைப்போம். கணினி பார்ப்பது ஒரு செக்கனுக்கு முந்திய வேறுபாடு. தொடங்குவதற்கு முன்பும் வேறுபாடு 40ஆகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 40, 20, 0, −10, −10, −5, 0, 2.5 என்று போகும். கழித்தல் குறி வந்தால் மேலே இருந்தது கீழே போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து, அடங்குகிறது. பரவாயில்லை, வேலைக்கு ஆகும்.

அடுத்தது மூன்று செக்கன் சுணக்கம். செய்தி முகட்டைச் சுற்றிப் போய், கட்டளை திரும்பி வரும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 40. ஒரு செக்கனில் 20. இரண்டாவது செக்கனில் 0. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது செக்கனில் இரண்டு ட்ரோன்களும் சரியாக ஒரே உயரத்தில் நிற்கின்றன. வேலை முடிந்துவிட்டது. ஆனால் அது கணினிக்குத் தெரியாது. கணினியின் கண்ணுக்கு வேறுபாடு இன்னமும் 40. அதனால் மேலே இருந்ததை மேலும் இறக்குகிறது, கீழே இருந்ததை மேலும் ஏற்றுகிறது. மூன்றாவது செக்கனில் −20, அப்புறம் −40, −50, −50. இதற்குள் தவறு கணினிக்குத் தெரியவந்து அது எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்குகிறது: −40, −20, 5. இப்போதும் ஏறத்தாழ ஒரே உயரம்தான். இப்போதும் கணினி பார்ப்பது பழைய −50. தள்ளு தள்ளென்று தள்ளி 30, 50 என்று போய்ப் பன்னிரண்டாவது செக்கனில் 60. தொடங்கியபோது இருந்த 40ஐ விட மோசம். அடுத்த சுற்றில் −71 வரை போகும். ஒவ்வொரு ஊசலும் முந்தியதைவிடப் பெரிது. ட்ரோன்களில் எந்தக் கோளாறும் இல்லை, கணினியிலும் இல்லை, செய்தியில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் கூட்டம் குலைகிறது.

இப்போது அதே மூன்று செக்கன் சுணக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கால்பங்குக்குப் பதிலாக இருபதில் ஒரு பங்கு மட்டும் திருத்தச் சொல்லுங்கள். 40, 36, 32, 28, 24, 20.4, 17.2, 14.4, 12 என்று ஆறுதலாக இறங்கும். ஏறத்தாழ 20 செக்கனில் வேறுபாடு ஒரு மீற்றர் அளவுக்கு வந்துவிடும். ஒரு தடவைகூடத் தாண்டிப் போகாது. செய்தி அதே பழைய செய்திதான், பதில் மட்டும்தான் மென்மையாகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 8 மீற்றர் அளவு தாண்டிப் போய்த் திரும்பி அடங்கும். எனக்கு இந்த நடுவழி பிடிக்கும். ஆனால் பக்கத்தில் மரமோ மின்கம்பியோ இருந்தால் அந்த 8 மீற்றருக்கு இடமில்லை, மெதுவான வழிதான் சரி.

இந்தக் கணக்குக்கு ஒரு பொது விதி உண்டு. திருத்தும் வேகத்தையும் சுணக்கத்தையும் பெருக்கினால் வரும் எண் 1.57ஐ, அதாவது வட்டக் கணக்கில் வரும் பை (π, 3.14) என்ற எண்ணின் பாதியை, தாண்டக் கூடாது. தாண்டினால் ஊசல் வளரும். தாண்டிப்போதலே வேண்டாம் என்றால் அந்தப் பெருக்கம் 0.37க்குள் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் வேகம் செக்கனுக்கு 0.5, சுணக்கம் 3, பெருக்கம் 1.5 என்று 1.57க்குள்தானே நிற்கிறது, ஏன் குலைந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணினி செக்கனுக்கு ஒரு தடவைதான் கட்டளை மாற்றுகிறது. ஒரு கட்டளை அடுத்தது வரும்வரை மாறாமல் நிற்பதால் சராசரியாக இன்னொரு அரை செக்கன் சுணக்கம் ஒளிந்து சேர்கிறது. 3.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 1.75. எல்லை தாண்டிவிட்டது. இப்படி ஒளிந்திருக்கும் அரை செக்கன்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை.

உண்மையான ட்ரோனுக்கு எடையும் உந்தமும் உண்டு, சொன்னவுடன் நின்றுவிடாது. அதனால் நடைமுறையில் எல்லை இதைவிடவும் இறுக்கமாக இருக்கும்.

எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டுமா?

இரண்டு ட்ரோன்கள் போய்ப் பத்து ஆகட்டும். யார் யாரோடு பேசுவது? எல்லாரும் எல்லாரோடும் பேசினால் நல்லதுதானே என்று தோன்றும். சுணக்கம் இல்லாத உலகத்தில் நல்லதுதான்.

ஒல்ஃபாட்டி சேபர், மரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், எல்லா இணைப்பிலும் சுணக்கம் ஒரே அளவாக இருக்கும்போது ஒரு கூட்டம் எவ்வளவு சுணக்கத்தைத் தாங்கும் என்று துல்லியமாகக் காட்டினார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற வலைப்பின்னலின் வடிவத்திலிருந்தே அந்த எல்லை வந்துவிடுகிறது. இணைப்பு கூடக்கூட ஒவ்வொரு வாகனமும் பல பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளப்படும். மொத்தத் திருத்தும் வேகம் கூடும், தாங்கும் சுணக்கம் குறையும்.

எண்ணில் சொன்னால் இப்படி. பத்து ட்ரோன்கள், ஒவ்வொரு இணைப்புக்கும் செக்கனுக்குக் கால்பங்கு திருத்தம். எல்லாரும் எல்லாரோடும் பேசினால் தாங்கும் சுணக்கம் சுமார் 0.63 செக்கன். சங்கிலிபோல் ஒவ்வொன்றும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மட்டும் பேசினால் சுமார் 1.6 செக்கன் வரை தாங்கும். அப்படியானால் சங்கிலிதான் நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. சங்கிலியில் இந்த முனைச் செய்தி அந்த முனைக்கு ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும், கூட்டம் ஒரு முடிவுக்கு வர ஏறத்தாழ நூறு மடங்கு அதிக நேரம் எடுக்கும். நிலச்சரிவுத் தேடலில் அந்த நேரம் நம்மிடம் இல்லை.

நான் பரிந்துரைப்பது நடுவான ஒரு அமைப்பு: ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து அயலார், எல்லாருக்கும் மேலே முகட்டில் ஒரு கைமாற்றி. மலையின் வடிவம் எப்படியும் பாதி இணைப்புகளை மறைத்துவிடும். எந்த இணைப்பு நிற்கும், எந்த இணைப்பு அறும் என்று பறப்பதற்கு முன்பே நிலவரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடலாம்.

பழைய செய்தியை எதோடு ஒப்பிடுவது?

மேலே சொன்ன கதையில் ஒரு விஷயத்தை மெதுவாகக் கடந்து வந்தேன். கீழே உள்ள கணினி இரண்டு ட்ரோன்களின் பழைய உயரங்களையும் ஒப்பிட்டது. ட்ரோன்கள் தாங்களே பேசிக்கொண்டால் வேறு ஒரு வழியும் இருக்கிறது: என்னுடைய இப்போதைய உயரத்தையும் உன்னுடைய பழைய உயரத்தையும் ஒப்பிடுவது. நிற்கும் இடத்தைப் பற்றிய எளிய பிரச்சினைகளில் இது ஆச்சரியமாக வேலை செய்யும். திருத்தும் பங்கு அளவாக இருந்தால், சுணக்கம் எவ்வளவு இருந்தாலும் ஊசல் வளராது. ஒவ்வொன்றும் தன் நிலையை உடனுக்குடன் பார்த்துக்கொள்வதால் கண்டபடி தாண்டிப் போகாது.

பிறகு ஏன் எல்லாரும் இதையே செய்வதில்லை? வாகனங்கள் ஓடுகின்றன, அதுதான் சிக்கல். தேயிலை ஏற்றிய இரண்டு லொறிகள் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். செய்தி ஒரு செக்கன் பழையது. முன் லொறி உண்மையில் இருக்கும் இடத்துக்கு 10 மீற்றர் பின்னால் இருப்பதாகப் பின் லொறி நினைக்கும், அதனால் வேகத்தைக் குறைக்கும். முன் லொறியும் பின் லொறியின் பழைய இடத்தைத்தான் பார்க்கிறது. அது 10 மீற்றர் அதிகம் பிந்திவிட்டதாக நினைத்து அதுவும் வேகத்தைக் குறைக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் பின்தங்கிவிட்டதாக நம்புவதால் கூட்டம் முழுவதும் மெதுவாகிவிடும். செக்கனுக்குப் பத்தில் ஒரு பங்கு திருத்தம் என்றால் வேகம் 36இலிருந்து ஏறத்தாழ 32.7க்கு இறங்கி அங்கேயே நிற்கும். யாரும் தவறு செய்யவில்லை, எந்தச் சத்தமும் இல்லை, கூட்டம் சும்மா மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்கவே நாள் எடுக்கும்.

இதற்கு மருந்து நேர முத்திரை. ஒவ்வொரு செய்தியிலும் அளந்த நேரத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஜிபிஎஸ் கருவி இடத்தை மட்டுமல்ல, மிகத் துல்லியமான நேரத்தையும் தருகிறது, ஆகவே எல்லா வாகனங்களின் கடிகாரமும் ஒன்றாக ஓடும். நேரம் தெரிந்தால் செய்தியின் வயது தெரியும். வயது தெரிந்தால், செக்கனுக்கு 10 மீற்றர் போகும் வாகனம் ஒரு செக்கனுக்குப் பிறகு எங்கே இருக்கும் என்று முன்னோக்கிக் கணக்கிடலாம். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் எழுத வேண்டியது இந்த ஒரு வரிதான். கட்டுப்பாட்டு விதியெல்லாம் பிறகு பார்க்கலாம்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். இடத்தை அனுப்புவதற்குப் பதிலாகத் திட்டத்தை அனுப்புவது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற செய்தி அடுத்த கணமே பழசாகும். 'அடுத்த பத்துச் செக்கனுக்கு நான் இந்தக் கோட்டில், இந்த வேகத்தில் போவேன்' என்ற செய்தி பத்துச் செக்கன் வரை பழசாகாது. சொன்ன கோட்டை விட்டு விலக வேண்டி வந்தால் மட்டும் மறுபடி பேசினால் போதும். அலைவரிசையில் நெரிசல் குறையும், நெரிசல் குறைந்தால் சுணக்கமும் குறையும். தான் கொடுத்த கட்டளை என்ன விளைவைத் தரும் என்று ஒரு மாதிரியை வைத்து முன்கூட்டிக் கணக்கிட்டு, பழைய அளவீட்டைத் திருத்திக்கொள்ளும் யோசனை புதிதல்ல. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்காக ஒட்டோ ஸ்மித் என்ற பொறியியலாளர் 1957இலேயே அதை எழுதிவிட்டார். நம் இரண்டு ட்ரோன் கதையில் அந்த இரண்டாவது செக்கனில் கணினிக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: ஏற்கெனவே கொடுத்த கட்டளைகளை நினைவில் வைத்திருந்தால், வேலை முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

வரிசையின் கடைசி லொறி

வரிசையாகப் போகும் வாகனங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. முதல் லொறி ஒரு வளைவில் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகம் குறைக்கிறது. இரண்டாவது கொஞ்சம் பிந்தித்தான் உணர்கிறது. அதற்குள் இடைவெளி சுருங்கிவிட்டதால் அது 6 குறைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது 7. இப்படியே போனால் வரிசையின் கடைசியில் உள்ளது முழுதாக நிற்க வேண்டி வரும். முதல் வாகனத்தின் சிறு அசைவு பின்னால் போகப் போகப் பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. சிறிதானால் அந்த வரிசையை நம்பலாம்.

ஜப்பானில் நடந்து 2008இல் வெளியான ஒரு பரிசோதனை இதைக் கண்ணால் காட்டியது. 230 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்கள். மணிக்குச் சுமார் 30 கிலோமீற்றர் வேகத்தில் முன் காரைத் தொடர்ந்து போகும்படி சாரதிகளுக்குச் சொன்னார்கள். சிக்னல் விளக்கு இல்லை, சந்தி இல்லை, குழி இல்லை. கொஞ்ச நேரத்தில் வட்டத்தின் ஒரு பகுதியில் தானாகவே நெரிசல் உண்டானது. கார்கள் முன்னே போக, அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. மனிதர் பார்த்து, புரிந்து, பிரேக் மிதிக்க எடுக்கும் சுணக்கம் இதில் ஒரு முக்கிய பங்காளி.

தானியங்கி வாகனங்களுக்கும் இதே விதிதான். முன்னால் உள்ளதை மட்டும் பார்த்து ஓடும் கட்டுப்பாட்டில், வாகனம் பதில் கொடுக்க எடுக்கும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காவது நேர இடைவெளி விட வேண்டும். பதிலுக்கு அரை செக்கன் எடுத்தால் இடைவெளி ஒரு செக்கன். 36 கிலோமீற்றர் வேகத்தில் அது 10 மீற்றர். இதைக் குறைக்க ஒரு வழி, தலை வாகனம் பிரேக் மிதித்த கணமே வானொலியில் எல்லாருக்கும் சொல்லிவிடுவது. அப்போது செய்தி ஒவ்வொருவராகக் கடந்து வரக் காத்திருக்க வேண்டியதில்லை. 1997இல் கலிபோர்னியாவின் சான் டியகோ நெடுஞ்சாலையில் எட்டு கார்கள் இப்படி ஒன்றுக்கொன்று 6.5 மீற்றர் இடைவெளியில், மணிக்குச் சுமார் 96 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக் காட்டின.

அதை அப்படியே நம் வீதியில் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நேரான அகலப் பாதை. இங்கே ஒவ்வொரு வளைவிலும் தலை லொறி மலைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும், பாரத்தோடு இறங்கும் லொறிகளின் பிரேக்கும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இந்த இடத்தில் இடைவெளியை அதிகமாக விடுவதுதான் பொறியியல்.

செய்தியே வராவிட்டால்?

சுணக்கம் எல்லை மீறிப் போனால் அது கிட்டத்தட்டச் செய்தி இல்லாததற்குச் சமம். அதற்கும் ஆயத்தம் வேண்டும். முதல் பாதுகாப்பு எளிமையானது: செய்தியின் வயதை வேகத்தால் பெருக்கி, அந்த அளவுக்கு மற்ற வாகனத்தைச் சுற்றி ஒரு விலக்கு வட்டம் போடுவது. செக்கனுக்கு 8 மீற்றர் பறக்கும் ட்ரோனிடமிருந்து கடைசிச் செய்தி வந்து 3 செக்கன் ஆகிவிட்டது என்றால், அது 24 மீற்றர் வட்டத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். அந்த வட்டத்துக்குள் போகாதே. செய்தி வந்தால் வட்டம் சுருங்கும். ஒரு எல்லைக்கு மேல் வட்டம் வளர்ந்தால் ஒவ்வொன்றும் தனக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிய உயரத்துக்குப் போய் நின்று, அந்த உயரத்திலேயே வீடு திரும்ப வேண்டும். உயரங்கள் வேறு வேறாக இருப்பதால் பேச்சில்லாமலே மோதல் தவிரும்.

இரண்டாவது பாதுகாப்பை நம் ரயில் பாதையிலேயே பார்க்கலாம். றம்புக்கனைக்கு அப்பால் மலையேறும் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்தால் தப்ப வழியில்லை. பதுளை ரயிலில் போனவர்கள், நிலையத்தில் பெரிய வளையம் ஒன்று கைமாறுவதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அதன் பையில் இருப்பது டப்லட் என்ற அனுமதி வில்லை. இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டப்லட்தான் வெளியே வரும், அப்படி இரண்டு நிலையக் கருவிகளும் மின்கம்பியால் பூட்டப்பட்டிருக்கின்றன. அது கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுக்குள் போக மாட்டார்.

இந்த ஏற்பாட்டில் ரயில் இந்தக் கணம் எந்த வளைவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கைமாறுவது இடத்தைப் பற்றிய செய்தி அல்ல, உரிமை. செய்தி பிந்தினால் ரயில் பிந்தும், மோதாது. ட்ரோன் கூட்டத்திலும் இதையே செய்யலாம். சரிவுக்கு மேலுள்ள வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் போக முன் அதற்கான உரிமையை வாங்க வேண்டும், வெளியேறிய பிறகுதான் விடுவிக்க வேண்டும் என்று விதி வைத்தால், எவ்வளவு சுணக்கம் வந்தாலும் இரண்டு ட்ரோன்கள் ஒரே கட்டத்தில் சந்திக்காது. விலை என்னவென்றால் காத்திருப்பு. முகட்டுக்கு அந்தப் பக்கம் பேச்சு மோசமான இடத்தில் டப்லட் முறை, திறந்த சரிவில் தொடர்ந்து திருத்தும் முறை என்று இரண்டையும் கலந்து பாவிப்பதுதான் நம் நிலத்துக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் சோதிக்க ட்ரோன் வாங்கத் தேவையில்லை. ஒரு எக்ஸெல் தாள் போதும், அதுவும் இல்லாவிட்டால் கோடு போட்ட கொப்பி. முதல் நிரலில் 40ஐ ஐந்து வரிகளில் எழுதுங்கள், அது பழைய வரலாறு. ஆறாவது வரியிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் முந்திய வரியை எடுத்து, அதிலிருந்து இன்னும் நான்கு வரி மேலே உள்ள எண்ணின் ஒரு பங்கைக் கழியுங்கள். இது நான்கு செக்கன் சுணக்கம். அந்தப் பங்கை 0.5, 0.4, 0.3, 0.2, 0.1 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டிலும் ஊசல் வளரும். 0.3இல் மெதுவாக அடங்கும், அதற்குப் பல வரிகள் எழுத வேண்டி வரும். வளர்வதும் அடங்குவதும் பிரியும் எல்லை ஏறத்தாழ 0.347இல் இருக்கிறது. அடுத்து ஐந்து செக்கன் சுணக்கத்துக்கு அதே எல்லையைத் தேடிப் பாருங்கள், 0.28க்குக் கொஞ்சம் மேலே அகப்படும்.